காத்திருந்து கற்ற மாமேதை

அண்ணல் அம்பேத்கரின் உருவச் சிலை இல்லாத குடியிருப்பு நம் பகுதியில் அரிது. திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும், நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றூர்களிலும் அவர் ஒரு கையில் நூலை ஏந்தி, மறு கையால் வழி காட்டி நிற்கின்றார். ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் நாம் மாலை அணிவிக்கின்றோம். அரசியல் சட்டத்தை வரைந்தவர் என்றும், தீண்டாமையை எதிர்த்துப் போராடியவர் என்றும், புத்த நெறியைத் தழுவியவர் என்றும் அவரை நாம் அறிவோம். ஆயினும் அக்கையில் உள்ள நூலை அவர் எத்துணை இடர்ப்பட்டுப் பெற்றார், எந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தார், கல்லூரியின் வாயிலில் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பவற்றை நம் இளைஞர்களுள் பலர் அறியார். கல்வியின் பொருட்டே தோன்றிய நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றை எழுதுவது பொருத்தமுடையது எனக் கருதுகின்றோம்.

இதனை இப்பொழுது எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆண்டுதோறும் மேனிலைத் தேர்வின் முடிவு வெளியான பின்னர்க் கல்லூரி இடம் உறுதியாகும் வரை சில கிழமைகள் கழிகின்றன. தரவரிசைப் பட்டியல் வரவேண்டும். கலந்தாய்வு நடைபெற வேண்டும். முதற் சுற்றில் கிட்டாதது இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ கிட்டுமா என்று பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்திலேதான் நம் பிள்ளைகள் பலர் கல்வியை இழக்கின்றனர். சிப்காட் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் வேண்டும் என்னும் செய்தி வருகின்றது. ஒரு மாதந்தானே என்று செல்கின்றான் இளைஞன். மாதக் கூலி கைக்கு வந்ததும் வீட்டுக் கடன் ஒன்று அடைபடுகின்றது. கலந்தாய்வு நாள் வரும்போது அவன் இரவுப் பணியில் இருக்கின்றான். இவ்வாறு வாயில் வரை வந்து திரும்பிப் போனவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களின் தம்பியரும் தங்கையரும் அவ்வாறு திரும்பாதிருக்க அண்ணலின் மாணவப் பருவம் துணை செய்யும்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்னும் படைமுகாமில் பிறந்தார். மகார் வகுப்பினரான இராம்ஜி சக்பால், பீமாபாய் ஆகியோரின் பதினான்காவது மகவு அவர். தந்தையார் படையில் சுபேதாராக இருந்தவர். படைப் பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். தம் மக்கள் எழுத்தறிவு பெறவேண்டும் என்பதில் அவர் மிகுந்த உறுதி கொண்டிருந்தார். அன்னையை அம்பேத்கர் சிறு வயதிலேயே இழந்தார்.

1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சதாராவில் இருந்த அரசுப் பள்ளியில் அவர் பெயர் பதிவு பெற்றது. பெயர் பதிவாயிற்றேயன்றி வகுப்பில் இடம் கிட்டவில்லை. ஏனைய பிள்ளைகளுடன் அமராது, வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கோணியை விரித்துத் தனியே அமர்ந்தார். மாலையில் அக்கோணியையும் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடுதல் கூடாது. பள்ளிப் பணியாள் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் இல்லை. பணியாள் வாராத நாள்களில் நீர் வேட்கையுடனேயே அவர் வீடு திரும்பினார்.

பின்னர்க் குடும்பம் பம்பாய் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஒற்றை அறையே வீடு. சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே, படிப்பும் அங்கே. இரவு தொடங்கியதும் மகனை உறங்கச் செய்து தந்தையார் விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் செய்துவிட்டுத் தாம் அவ்விடத்தில் உறங்குவார். இருவரும் ஒரே நேரத்தில் படுப்பதற்கு அவ்வறையில் இடமில்லை. வேலை முடிந்து வந்த உறவினர் உறங்கும் ஓரறை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள், தாம் நடக்கும் வழியில் முன்னரே ஒருவர் நடந்திருக்கின்றார் என்பதை உணர்தல் வேண்டும்.

மறுக்கப்பட்ட பாடம்

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் வடமொழியைப் பாடமாகப் பயில விரும்பினார். தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தவருக்கு அம்மொழியைக் கற்பிக்க இயலாது என மறுத்தனர். வேறு வழியின்றி அவர் பாரசீக மொழியை எடுத்துக்கொண்டார். முதன்முதலாக அவர் விரும்பிய பாடம் இவ்வாறு அவருக்குக் கிட்டாது போயிற்று. அதனால் அவர் பள்ளியை விட்டு நீங்கினாரில்லை. கிடைத்த பாடத்தில் தேறினார். மறுக்கப்பட்ட மொழியைப் பிற்காலத்தில் தம் முயற்சியால் கற்றார். அம்மொழி நூல்களை ஆராய்ந்தே சாதியின் தோற்றம் பற்றித் தம் நூல்களை எழுதினார்.

1907ஆம் ஆண்டு மெட்ரிக் தேர்வில் அவர் வெற்றி பெற்றார். 750 மதிப்பெண்களுக்கு அவர் பெற்றவை 282. மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனமுடையும் நம் மாணவர்கள் இந்த எண்ணை நினைவில் கொள்ளுதல் நன்று. அம்மதிப்பெண்ணைப் பெற்றவரே பின்னாளில் உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டில் ஆய்வுப் பட்டங்கள் பெற்றார். மதிப்பெண் ஒரு நாளின் அளவுகோல். ஒரு வாழ்வின் அளவுகோல் அன்று. எனினும் அன்றைய நிலையில் அவ்வகுப்பைச் சார்ந்த ஒருவர் மெட்ரிக் தேறியதே அரிய செய்தியாக இருந்தது. அதனைப் பாராட்டிக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. சர்னி சாலைப் பூங்காவில் அமர்ந்து நாள்தோறும் நூல் படித்த சிறுவனைக் கண்டு அன்பு கொண்டிருந்த ஆசிரியர் கெலுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அக்கூட்டத்தில் அவருக்குப் பரிசாக அளித்தார்.

கல்லூரிக் கல்வி

எல்பின்ஸ்டன் கல்லூரியில் அம்பேத்கர் சேர்ந்தார். இடைநிலைத் தேர்வு முடிந்ததும் தந்தையாரின் பொருள் தீர்ந்தது. படிப்பு நின்றுவிடும் நிலையில் கெலுஸ்கர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க இசைந்தார். பேராசிரியர் முல்லர் நூல்களையும் உடைகளையும் தந்து உதவினார். அதே கல்லூரியின் சிற்றுண்டி விடுதியிலோ அவருக்குத் தேநீரும் தண்ணீரும் கிட்டவில்லை. உதவிய கைகளும் ஒதுக்கிய கைகளும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஒதுக்கியதைப் பொறுத்துக்கொண்டு, உதவியதைப் பற்றிக்கொண்டு, 1912ஆம் ஆண்டில் அவர் பி.ஏ. தேறினார்.

பட்டம் பெற்றதும் பரோடா அரசின் படையில் அலுவல் கிடைத்தது. குடும்பத்தின் வறுமையை நோக்கின் அதுவே பெரும் பேறு. ஆயினும் 1913ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே வெளிநாட்டில் உயர்கல்வி பெறுவதற்கு மன்னர் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அம்பேத்கர் அலுவலை விட்டுக் கல்வியைத் தேர்ந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. 1913 சூலைத் திங்களில் அவர் நியூயார்க் நகரை அடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவர் தேர்ந்த துறை

அக்காலத்தில் உயர்கல்விக்குக் கடல் கடந்த இந்திய மாணவர்கள் பலர் வழக்கறிஞர் பட்டத்தையோ ஆட்சிப் பணியையோ நாடினர். அம்பேத்கர் பொருளியலை முதன்மைப் பாடமாகக் கொண்டார். சமூகவியல், வரலாறு, மெய்யியல், மானிடவியல் ஆகியவற்றையும் உடன் பயின்றார். பேராசிரியர் செலிக்மன் அவருக்குப் பொது நிதியியலைக் கற்பித்தார். வரி யாரிடமிருந்து பெறப்படுகின்றது, யாருக்காகச் செலவிடப்படுகின்றது என்பதை அறியாமல் ஒரு நாட்டின் அநீதியை அறிய முடியாது. அவர் பின்னர் எழுதிய நூல்களை நோக்குவோர்க்கு இத்தேர்வின் பொருள் விளங்கும். ஒன்று, பிரித்தானிய இந்தியாவில் மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாய் பகிரப்பட்ட முறையை ஆராய்ந்தது. மற்றொன்று, ரூபாயின் மதிப்பு ஏன் நிலையின்றித் தடுமாறியது என ஆராய்ந்தது.

அவர் பயின்றது பொருளியல் மட்டுமே எனக் கருதுதல் பொருந்தாது. 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் பரவலும் பற்றிய கட்டுரையைப் படித்தார். தம் மக்களின் துயருக்கு எந்தெந்த அறிவு மருந்தாகுமோ அவ்வறிவையெல்லாம் தேடினார். ஊரார் எல்லோரும் நாடும் துறை இதுவென்று அவர் ஒன்றைத் தேர்ந்திலர். தமக்குள் எழுந்த வினாவுக்கு விடை எத்துறையில் உள்ளது என்று நோக்கியே தேர்ந்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் டாக்டர் பட்டத்துக்குரிய ஆய்வேட்டையும் அளித்தார்.

பாதியில் நின்ற படிப்பு

1916ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் இலண்டன் சென்று, இலண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டம் பயிலக் கிரேஸ் இன் என்னும் நிறுவனத்திலும் ஒரே காலத்தில் சேர்ந்தார். ஓராண்டு முடியுமுன்னரே உதவித்தொகையின் கால எல்லை முடிவுற்றது. நாடு திரும்ப வேண்டியதாயிற்று. புறப்படுமுன் அவர் செய்த ஒரு செயலை நம் மாணவர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். படிப்பு நின்றது என்று வாளா திரும்பாமல், 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். கையில் பொருளில்லை, அது எங்கிருந்து வரும் என்பதும் தெரியாது. எனினும் வாயில் அடைபடாதபடி ஒரு காலை உள்ளே ஊன்றி வைத்தார். அவர் திரும்பிய காலம் முதல் உலகப் போர்க்காலம். தனியே அனுப்பிய நூல்கள், கப்பல் குண்டுக்கு இரையானமையால் கடலில் மூழ்கின.

பரோடாவில் அவருக்கு நேர்ந்தது நாம் நெஞ்சு கனக்க நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சி. கொலம்பியாவில் கற்றுத் திரும்பிய அறிஞருக்குத் தங்க ஓர் அறை கிட்டவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடிகளுடன் வந்தோர் அவரை வெளியேற்றினர். அலுவலகத்தில் பணியாள்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தனர். பதினோரு நாள்களே அங்கு இருந்து, பம்பாய்க்குத் திரும்பினார். மாணவர் இருவருக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிகத்தில் ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார்; ஆலோசகரின் குலம் தெரிந்ததும் வாடிக்கையாளர் வாராதொழிந்தனர்.

1918ஆம் ஆண்டு நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் பேராசிரியரானார். அந்நாளில் அது பெருந்தொகை. வீடும் வசதியும் தேடியிருக்கலாம். அவரோ பரேல் குடியிருப்பிலேயே எளிய வாழ்வு வாழ்ந்து, இலண்டன் படிப்புக்கெனப் பணம் சேர்த்தார். இல்லறத்தின் சுமையை எல்லாம் துணைவியார் இரமாபாய் தாங்கினார். அம்மையாரின் பொறுமை இன்றேல் அண்ணலின் கல்வி நிறைவேறியிராது. 1920இல் தாம் சேமித்த பணத்துடன், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் நாவல் பத்தேனா கடனாகத் தந்த 5000 ரூபாயும் சேர, குறித்த நான்காண்டுக் காலம் முடியுமுன்னரே இலண்டன் மீண்டார்.

இலண்டனில் அவருடைய வாழ்வு கடுந்தவம் போன்றது. காலையில் நூல்நிலையம் திறக்கும்போது நுழைந்து, மாலையில் மூடும்போது வெளிவருவார். இரவில் பசித்தால் நண்பர் ஒருவர் தந்த அப்பளங்களைச் சுட்டுத் தேநீருடன் உண்டு மீண்டும் படிப்பார். 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார், 1922இல் பாரிஸ்டராகத் தகுதி பெற்றார். 1922 அக்டோபரில் ரூபாய் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்துக்கு அளித்தார். 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் அதனை ஏற்காமல் திருத்தி எழுதுமாறு பணித்தனர். அந்நிய ஆட்சியின் நிதிக் கொள்கையை அவ்வேடு கடிந்துரைத்திருந்தது. கைப்பொருளும் தீர்ந்தது. அவர் பம்பாய் திரும்பி, தம் முடிவுகளைக் கைவிடாமலே மீண்டும் எழுதி ஆகஸ்டில் அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் பட்டம் வழங்கப்பெற்றது.

கொலம்பியாவின் டாக்டர் பட்டத்துக்கோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார். ஆய்வேட்டை அச்சிட்டு அளித்தால்தான் பட்டம் என்பது அங்குள்ள விதி. 1925இல் நூல் வெளிவந்தது. 1927இல் பட்டம் கைக்கு வந்தது. 1913இல் அப்பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர் நிறைவு பெற்றது பதினான்கு ஆண்டுகள் கழித்து. இலண்டனில் தொடங்கியது முடிந்தது ஏழாண்டுகள் கழித்து. இக்காலம் முழுவதும் அவர் வாளாவிருந்திலர். உழைத்தார், ஈட்டினார், சேமித்தார், எழுதினார். காத்திருத்தல் அவருக்குச் சோம்பியிருத்தல் ஆகவில்லை.

பிறர்க்கு வாயில் திறந்தவர்

தமக்குக் கிட்டிய கல்வியைத் தமக்கென மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. 1924இல் ஒதுக்கப்பட்டோர் நலச் சபையைத் தோற்றுவித்தார். அதன் சார்பில் 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பெற்றது. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசு நிதி பெற முயன்று வெற்றி கண்டார். மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. இன்று நம் இல்லங்களிலிருந்து கல்லூரி செல்லும் பிள்ளைகள் பெறும் உதவித்தொகையின் வேர் அங்கே உள்ளது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார்.

தமிழகத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். சென்னை மாகாணத்தில் மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி ஆணைப்படி நிரப்பப்பட்டு வந்தன. ஒவ்வொரு பதினான்கு இடங்களில் இரண்டு ஆதிதிராவிடர்க்கு உரியவையாக இருந்தன. அவ்வாணை அரசியல் சட்டத்துக்கு முரணானது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1950இல் தீர்ப்பளித்தது. செண்பகம் துரைராசன் வழக்கு என வழங்கும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9இல் அதனை உறுதி செய்தது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. தந்தை பெரியார் அதற்குத் தலைமை தாங்கினார். நாடாளுமன்றம் 1951 சூனில் முதலாவது சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி, பிற்படுத்தப்பட்டோர்க்கும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி வகுத்தது. அப்போது சட்ட அமைச்சராக இருந்து அத்திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். வடமொழி வகுப்பின் வாயிலில் மறுக்கப்பட்ட சிறுவர், பல்லாயிரம் கல்லூரி வாயில்கள் திறக்கும் சட்டத்துக்குத் துணை நின்றார். 1956ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

நம் இளைஞர்க்கு

இன்று தமிழகத்தில் பட்டியல் சாதியினர்க்குப் பதினெட்டு விழுக்காடு இடங்கள் உள்ளன. அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 2021இலும் ஏழரை விழுக்காடு வழங்கச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. வாயில்கள் உள்ளன, வாயிலருகே நிற்போரும் இருத்தல் வேண்டும்.

ஆகவே நம் இளைஞர்களுக்கு நாம் கூறுவன சில. சாதிச் சான்றிதழ், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றை முடிவு வருமுன்னரே ஆயத்தம் செய்யுங்கள். ஒரு சுற்றில் இடம் கிட்டாவிடின் அடுத்த சுற்று உள்ளவரை காத்திருங்கள். வீட்டின் வறுமையால் ஆலைக்குச் செல்ல நேரின் செல்லுங்கள், உழைப்பில் இழிவில்லை, அண்ணலும் தனிப்பாடம் சொல்லிப் பிழைத்தார். ஆயினும் திரும்பி வரும் நாளைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அந்நாளைப் பெற்றோரும் அறிந்திருக்கட்டும்.

பாடத்தைத் தேரும்போது, கணிப்பொறித் துறையில் இடம் கிட்டவில்லையெனின் வாழ்வே போயிற்று என எண்ண வேண்டா. அத்துறையை உண்மையில் விரும்புவோர் அதற்கு முயலுக. நம்மவர் அத்துறையிலும் மிகுதல் வேண்டும். ஆனால் பிறர் நாடுவதால் மட்டுமே நாடுதல் வேண்டா. நம் ஆலைகளின் புகையும் கழிவும் நிலத்தடி நீரை என்ன செய்கின்றன என்று ஆராய வேதியியல் கற்றோர் நமக்கு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் வைப்புநிதியும் இழப்பீடும் காக்கச் சட்டம் கற்றோர் வேண்டும். நம் பகுதிக்கு வரும் அரசு நிதி எங்கே செல்கின்றது எனக் கணக்குப் பார்க்கப் பொருளியல் கற்றோர் வேண்டும். இவற்றுள் எதுவும் தாழ்ந்த பாடம் அன்று.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இராம்ஜி சக்பால் தம் உறக்கத்தை மகனுக்கு ஈந்தார். இரமாபாய் தம் இளமையை ஈந்தார். நாம் நம் பிள்ளைகளுக்கு, கலந்தாய்வு முடியும் வரையிலான சில கிழமைகளையேனும் ஈவோம். அக்கிழமைகளில் வரும் கூலியை வேறு வழியில் ஈடு செய்யக் கழக உறுப்பினர் ஒன்றுகூடி உதவுதல் வேண்டும். இதனை இவ்வெள்ளி விழாவின் உறுதியாக ஏற்று நடப்போமாயின், அண்ணலின் கையில் உள்ள நூல் நம் பிள்ளைகளின் கைகளுக்கும் வந்து சேரும்.